வழிகாட்டிய கல்
ஓர் ஆங்கிலச் சொல்லின் வம்சாவளி

காந்தவியல் பாடத்தின் முதல் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். இயற்கையில் கிடைக்கும் காந்தக் கல்லைப் பற்றி அங்கே ஒரு பத்தி இருக்கும். அதற்கு ஆங்கிலத்தில் 'லோட்ஸ்டோன்' என்று பெயர் எனவும் போட்டிருக்கும். அடுத்த பத்தியிலேயே பாடம் வட துருவம், தென் துருவம் என்று நகர்ந்துவிடும். பெயரைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. தேர்விலும் அதற்கு மதிப்பெண் கிடையாது.

ஆனால் அந்தப் பெயரைச் சற்று நிறுத்தி விசாரித்தால், அது தன் பிறப்பைப் பற்றியும் வயதைப் பற்றியும் பல செய்திகளைச் சொல்கிறது. அவ்விசாரணையை ஓர் இயற்பியல் சோதனை போலவே நடத்தலாம். செய்து பார்ப்போமா?

சுமையைத் தூக்கும் கல்லா?

லோட்ஸ்டோன் என்பது இரண்டு சொற்கள் சேர்ந்த கூட்டுச்சொல். பின்பகுதியான 'ஸ்டோன்' என்றால் கல். இதில் ஐயமில்லை. முன்பகுதியான 'லோட்' என்றால் என்ன? எந்த வகுப்பில் கேட்டாலும் உடனே வரும் விடை ஒன்றுதான்: "லோட் என்றால் சுமை, ஐயா. இந்தக் கல் இரும்பைத் தூக்குகிறது, அதனால் சுமைக்கல்."

இந்த விடையைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. அதற்கு ஆதரவான சான்றுகள் உண்டு. இச்சொல்லை எல்-ஓ-டி-ஈ என்று எழுதுவதே இன்று பெருவழக்கு. ஆனால் சுமையைக் குறிக்கும் சொல்லைப் போலவே எல்-ஓ-ஏ-டி என்று எழுதும் வழக்கமும் உண்டு. அகராதிகள் இரண்டையும் ஒப்புக்கொள்கின்றன. மேலும், பழங்காலத்தில் ஒரு காந்தக் கல்லின் வலிமையை எப்படி அளந்தார்கள் தெரியுமா? அது எவ்வளவு எடையுள்ள இரும்பைத் தூக்கும் என்று பார்த்துத்தான்! ஆகவே 'சுமைக்கல்' என்பது பொருத்தமாகவே தோன்றுகிறது.

பொருத்தமாகத் தோன்றுவது வேறு, உண்மையாக இருப்பது வேறு. அறிவியலில் ஒரு கருதுகோளைச் சோதிக்காமல் ஏற்பதில்லை. சொல்லுக்கும் அதே விதிதான்.

முதற் சோதனை: உயிரொலி விதி

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் பேசப்பட்ட மொழியைப் பழைய ஆங்கிலம் என்கிறோம். அக்காலத்துக் கையெழுத்துச் சுவடிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவற்றில் உள்ள சொற்களை இன்றைய சொற்களோடு வரிசையாக வைத்துப் பாருங்கள்:

ஸ்டான் — ஸ்டோன் (கல்)
ஹாம் — ஹோம் (வீடு)
பான் — போன் (எலும்பு)
ஆக் — ஓக் (ஓக் மரம்)

பழைய ஆங்கிலத்தின் நெடிய 'ஆ' இன்று 'ஓ' ஆகியிருக்கிறது. ஒரு சொல்லில் மட்டும் நேர்ந்த விபத்தல்ல இது. வரிசையாக எல்லாச் சொற்களிலும் நிகழ்ந்த மாற்றம். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வட பகுதியிலும் இந்த மாற்றம் நிகழவில்லை. அதனால்தான் ஸ்காட்லாந்துக்காரர் கல்லை இன்றும் 'ஸ்டேன்' என்றும் வீட்டை 'ஹேம்' என்றும் சொல்வதுண்டு. விதி எந்த ஊர் வரை செல்லுபடியாகும் என்பது கூடத் தெளிவாகத் தெரிகிறது.

குறுகிய 'அ' வேறு வழியில் சென்றது. பெயரைக் குறித்த 'நமா' இன்று 'நேம்' ஆயிற்று. கதையைக் குறித்த 'தலு' இன்று 'டேல்' ஆயிற்று. அதாவது இத்தகைய சொற்களில் குறில் 'ஏ' ஆயிற்று; நெடில் 'ஓ' ஆயிற்று.

இப்போது நம் கருதுகோளைச் சோதிப்போம். 'சுமை ஏற்று' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த வினைச்சொல் 'ஹ்லடன்'. அதில் இருப்பது குறுகிய 'அ'. விதிப்படி அது 'லேட்' என்று ஆகவேண்டும். ஆகியும் இருக்கிறது! கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீதை 'பில் ஆஃப் லேடிங்' என்று துறைமுகத்தில் இன்றும் சொல்கிறார்கள். ஆகவே காந்தக் கல் சுமை ஏற்றும் கல்லாக இருந்திருந்தால் அதன் பெயர் 'லேட்ஸ்டோன்' என்றல்லவா இருக்கும்? 'லோட்' என்று இருப்பதால், அதன் மூதாதையில் நெடிய 'ஆ' இருந்திருக்க வேண்டும். பழைய ஆங்கிலத்தில் 'லாட்' என்று ஒரு சொல் இருந்ததா?

இருந்தது. அதன் பொருள் வழி, போக்கு, பயணம்.

இரண்டாம் சோதனை: கைரேகை

ஒரு சான்றை வைத்து முடிவு கட்டக்கூடாது. 'ஹ்லடன்' என்ற சொல்லின் தொடக்கத்தில் உள்ள 'ஹ்' என்னும் மெய்யைக் கவனியுங்கள். பழைய ஆங்கிலத்தில் ல, ர, ந ஆகிய ஒலிகளுக்கு முன் இந்த 'ஹ்' பல சொற்களில் வந்தது. ரொட்டியைக் குறிக்கும் 'லோஃப்' அன்று 'ஹ்லாஃப்'. மோதிரத்தைக் குறிக்கும் 'ரிங்' அன்று 'ஹ்ரிங்'. கொட்டையைக் குறிக்கும் 'நட்' அன்று 'ஹ்நுட்டு'. பிற்காலத்தில் இந்த 'ஹ்' உதிர்ந்துவிட்டது. பழைய சுவடிகளில் மட்டும் அது கைரேகை போலப் பதிந்து கிடக்கிறது.

வழியைக் குறித்த 'லாட்' இந்தக் கைரேகை இல்லாத சொல். ஆகவே 'லாட்' வேறு குடும்பம், 'ஹ்லடன்' வேறு குடும்பம்.

அப்படியானால் சுமையைக் குறிக்கும் எல்-ஓ-ஏ-டி எந்தக் குடும்பம்? அதன் உயிரொலியைப் பாருங்கள்: 'ஓ'. அதுவும் 'லாட்' என்பதன் வழிவந்ததுதான்! 'லாட்' என்ற சொல்லுக்கு வழி என்பதோடு, வழிகொண்டு செல்லுதல் என்ற பொருளும் இருந்தது. 'ஹ்' உதிர்ந்த பிறகு, சுமையேற்றும் சொல்லும் வழிச் சொல்லும் ஒலியில் நெருங்கிவிட்டன. நெருங்கவே பொருளும் கலந்தது. கொண்டு செல்லுதல் என்பது கொண்டு செல்லப்படும் பொருளாகி, முடிவில் சுமை என்றே ஆகிவிட்டது. பின்னர் எழுத்தில் இரண்டு வடிவங்கள் நிலைத்தன. ஒன்று சுமைக்கு, மற்றொன்று வழிக்கு.

ஆகவே மாணவரின் விடை தலைகீழாக இருக்கிறது. காந்தக் கல்லின் பெயரில் சுமை இல்லை. சுமையின் பெயரில்தான் வழி ஒளிந்திருக்கிறது.

மூன்றாம் சோதனை: உடன்பிறப்புகள்

ஒருவர் யார் என்று தெரியவேண்டுமானால் அவருடைய உடன்பிறந்தோரை விசாரிக்கலாம். 'லோட்' சேர்ந்த வேறு கூட்டுச்சொற்கள் உண்டா?

'லோட்ஸ்டார்' என்று ஒன்று உண்டு. ஸ்டார் என்றால் விண்மீன். இது துருவ நட்சத்திரத்தைக் குறிக்கும். 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் இச்சொல்லை ஆண்டிருக்கிறார். வானத்து விண்மீன் எந்தச் சுமையையும் தூக்குவதில்லை. கடலில் செல்பவனுக்கு வட திசையைக் காட்டுகிறது. ஜெர்மன் மொழியில் இதற்கு 'லைட்ஷ்டெர்ன்' என்றும் ஸ்வீடிஷ் மொழியில் 'லேட்ஷெர்னா' என்றும் பெயர். அங்கும் முன்பகுதி வழிச் சொல்தான். பழைய ஆங்கிலத்தில் வழிகாட்டும் ஆளுக்கு 'லாட்மன்' என்று பெயர் இருந்தது.

இன்னொரு உடன்பிறப்பு மாறுவேடத்தில் இருக்கிறது. பிழைப்பைக் குறிக்கும் 'லைவ்லிஹுட்' என்ற சொல் உங்களுக்குத் தெரியும். குழந்தைப் பருவத்தைக் குறிக்கும் 'சைல்ட்ஹுட்' போலவே இதன் வாலிலும் 'ஹுட்' இருக்கிறதே என்று நினைப்போம். பழைய வடிவம் அதுவன்று, 'லீஃப்லாட்'. 'லீஃப்' என்றால் வாழ்வு. 'லாட்' நமக்குத் தெரிந்த வழி. வாழ்வின் வழி! நாமும் "பிழைக்க ஒரு வழி வேண்டாமா?" என்றுதானே கேட்கிறோம்? 'லாட்' என்பதன் பொருள் மக்களுக்கு மறந்துபோனதும், பழக்கமான வேறு சொல்லின் சாயலில் அதைத் திரித்துவிட்டார்கள்.

மூன்று சோதனைகளும் ஒரே முடிவைத் தருகின்றன. லோட்ஸ்டோன் என்றால் வழிக்கல்.

நம் 'ஆறு' போல

வழியைக் குறித்த இந்த 'லோட்' ஆங்கிலத்தில் தனிச்சொல்லாக இன்றும் இரண்டு மூலைகளில் பிழைத்திருக்கிறது. சுரங்கத் தொழிலாளர் பாறையினூடே கோடு போல ஓடும் உலோகத் தாதுவை 'லோட்' என்பர். அதன் வழியே தோண்டிச் செல்வதால் அப்பெயர். கேம்பிரிட்ஜ் நகருக்கு வடகிழக்கே சதுப்பு நிலங்களில் வெட்டப்பட்ட பழைய நீர்வழிகளுக்கும் 'லோட்' என்றே பெயர். ரீச் லோட், பாட்டிஷம் லோட் என்பவை வரைபடங்களில் உள்ளன.

வழியும் நீரோட்டமும் ஒரே சொல்லா என்று வியக்கவேண்டாம். தமிழில் 'ஆறு' என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு என்றால் நதி. ஆறு என்றால் வழியும்தான். பரிசில் பெறச் செல்லும் வழியைக் காட்டும் இலக்கியத்துக்கு ஆற்றுப்படை என்று பெயர் வந்தது அதனால்தான். இன்று 'வழி' என்ற பொருளில் ஆறு என்ற சொல்லை நாம் தனியே வழங்குவதில்லை. ஆனால் 'எவ்வாறு', 'இவ்வாறு' என்று நாள்தோறும் சொல்கிறோம். எந்த வழியில், இந்த வழியில் என்பதே அவற்றின் பொருள். தனியே மறைந்த சொல் கூட்டுக்குள் உயிரோடு இருக்கிறது. லோட்ஸ்டோனில் நடந்திருப்பதும் அதுவே.

மின்சாரத்துக்கும் அதே குடும்பம்

வழிநடத்துதலைக் குறிக்கும் ஆங்கில வினை 'லீட்'. இதுவும் அதே வேரிலிருந்து வந்தது. தமிழில் நட என்பதிலிருந்து நடத்து என்று பிறவினை வருகிறதல்லவா? அதுபோல, 'செல்' என்று பொருள்படும் பழைய வேரிலிருந்து 'செல்லச் செய்' என்ற பொருளில் பிறந்தது 'லீட்'. (ஈயத்தின் ஆங்கிலப் பெயரையும் இதே எழுத்துகளால் எழுதுகிறார்கள். அது வேறு சொல். எழுத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு.)

ஜெர்மன் மொழி ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவு. ஆங்கிலத்தில் 'ஆ' சென்று 'ஓ' வந்த இடங்களில் ஜெர்மனில் பெரும்பாலும் 'ஐ' ஒலி இருக்கும். கல்லுக்கு 'ஷ்டைன்', வீட்டுக்கு 'ஹைம்'. ஐன்ஸ்டைன் என்ற பெயரின் பின்பகுதியில் இருப்பதும் கல்லைக் குறிக்கும் அச்சொல்லின் வடிவமே. இந்த ஒப்புமைப்படி நம் வழிச் சொல்லின் குடும்பத்திலும் ஜெர்மனில் 'ஐ' வரவேண்டும். வருகிறது. வழிநடத்து என்பதற்கு 'லைட்டன்', மின்கடத்திக்கு 'லைட்டர்', குறைகடத்திக்கு 'ஹால்ப்லைட்டர்'. கடலில் மாலுமிக்கு வழிகாட்டிய சொல்லின் உறவினர், இன்று செம்புக் கம்பியில் மின்னோட்டத்துக்கு வழி விடுகிறார்!

பெயரில் பதிந்த வயது

இனி மிக முக்கியமான செய்திக்கு வருவோம். ஒரே கல்லுக்கு உலக மக்கள் வெவ்வேறு பெயர்கள் இட்டனர்.

கிரேக்கர்கள் அதை மக்னேசியாக் கல் என்றனர். மக்னேசியா என்பது ஊர்ப்பெயர். 'மேக்னட்' என்ற சொல் அதிலிருந்து வந்தது. சீனர்கள் அன்புக்கல் என்னும் பொருளில் பெயரிட்டனர். இரும்பைத் தன்பால் இழுப்பதால். வடமொழியில் அதற்கு அயஸ்காந்தம் என்று பெயர். அயஸ் என்றால் இரும்பு. காந்தம் என்றால் அன்புக்குரியது. இரும்புக்குப் பிரியமானது என்பது கருத்து.

இப்பெயர்களில் எதிலாவது திசை இருக்கிறதா? இல்லை. ஊர் இருக்கிறது, அன்பு இருக்கிறது, ஈர்ப்பு இருக்கிறது. திசை இல்லை. ஏன்? பெயர் இட்ட காலத்தில் அவர்களுக்கு ஈர்ப்பு மட்டுமே தெரிந்திருந்தது. கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தேலீஸ், இரும்பை அசைப்பதால் இக்கல்லுக்கு உயிர் உண்டு என்று கருதியதாக அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். அது வடக்கு நோக்கும் என்று அக்காலக் கிரேக்கர் எவரும் எழுதவில்லை.

காந்த ஊசியைப் பற்றிச் சீன அறிஞர் ஷென் குவோ சுமார் 1088இல் தெளிவாக எழுதினார். ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாண்டர் நெக்கம் என்ற ஆங்கிலேயத் துறவி மாலுமிகளின் ஊசியைக் குறிப்பிட்டார். 1269இல் பீட்டர் பெரிக்ரினஸ் காந்தக் கல்லின் இரு துருவங்களை விளக்கிக் கடிதம் எழுதினார். அதற்குப் பிறகே 'லோட்ஸ்டோன்' ஆங்கில எழுத்தில் வருகிறது. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்.

ஐஸ்லாந்து மொழியிலும் இதே கூட்டுச்சொல் உண்டு: 'லேய்தர்ஸ்டேய்ன்', வழியின் கல். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட அந்நாட்டுச் சுவடி ஒன்றில் இது வருகிறது. ஃப்ளோக்கி என்ற பழைய மாலுமி கரையைக் கண்டுபிடிக்கக் கடலில் அண்டங்காக்கைகளைப் பறக்கவிட்டான் என்று கூறும் அச்சுவடி, அக்காலத்து வட நாட்டு மாலுமிகளிடம் வழிக்கல் இருக்கவில்லை என்று காரணமும் சொல்கிறது.

ஆகவே 'வழிக்கல்' என்ற பெயர், திசை காட்டும் பண்பை அறிந்த பிறகே பிறந்திருக்க முடியும். பாறையில் உள்ள புதைபடிவம் அப்பாறையின் காலத்தைச் சொல்வது போல, ஒரு பெயர் அதை இட்டவர்களின் அறிவு எந்த அளவு வளர்ந்திருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது.

கல் எப்படி வழிகாட்டியது?

பெயர் சரி, வேலை எப்படி நடந்தது? காந்தக் கல் என்பது மேக்னடைட் என்னும் இரும்புத் தாது. அதன் ஒவ்வோர் அலகிலும் மூன்று இரும்பு அணுக்களும் நான்கு ஆக்சிஜன் அணுக்களும் உள்ளன. மேக்னடைட் முழுவதும் நிலைக்காந்தம் அல்ல; மிகச் சில துண்டுகளே அப்படி இருக்கின்றன. அவற்றைக் காந்தமாக்கியது மின்னல் என்பது அறிவியலார் பலரின் கருத்து. இதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். மின்னலின் மின்னோட்டத்தை 30,000 ஆம்பியர் என்று கொள்ளுங்கள். நேர்க்கம்பிக்கான சூத்திரப்படி, அதிலிருந்து 10 செ.மீ. தொலைவில் காந்தப் புலம் 0.06 டெஸ்லா. தென்னிந்தியாவில் பூமியின் காந்தப் புலம் ஏறத்தாழ 0.00004 டெஸ்லா. அதைப் போல 1,500 மடங்கு! இத்தகைய கற்கள் பெரும்பாலும் நிலப்பரப்பை ஒட்டியே கிடைப்பதும் இதனோடு பொருந்துகிறது.

கப்பலில் திசை காட்டியது இரும்பு ஊசி. ஆனால் அக்கால ஊசியின் காந்தத் தன்மை நாளடைவில் மங்கிவிடும். மங்கியதும் அதைக் காந்தக் கல்லால் தேய்த்துப் புதுப்பிக்கவேண்டும். அதனால் நெடும்பயணம் போகும் கப்பல்களில் ஒரு காந்தக் கல்லையும் பத்திரமாக வைத்திருந்தனர். கரையே தெரியாத நடுக்கடலில், மேகம் மூடிய இரவில், கப்பலில் உள்ளோரின் உயிர் அந்தக் கல்லை நம்பியிருந்தது. வழிக்கல் என்பது வெறும் அழகுப் பெயரன்று.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் கோவின் நைட் என்ற ஆங்கிலேயர் வலிமையான எஃகுக் காந்தங்களைச் செய்துகாட்டினார். 1820இல் மின்னோட்டம் காந்த ஊசியை அசைப்பதை எர்ஸ்டெட் கண்டார். 1825இல் ஸ்டர்ஜன் மின்காந்தத்தை உருவாக்கினார். அதன்பின் கல்லுக்கு வேலையில்லாமல் போயிற்று. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பூண்டும் சொல்லும்

முடிக்குமுன் ஒரு செய்தி. பூண்டைத் தேய்த்தால் காந்தக் கல் வலிமை இழக்கும் என்று பழைய அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக எழுதிவந்தார்கள். இத்தாலியரான டெல்லா போர்ட்டா தாமே சோதித்துப் பார்த்து, அது பொய் என்று 1589இல் எழுதினார். 1600இல் காந்தங்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய வில்லியம் கில்பர்ட்டும் அதை மறுத்தார். பூமியே ஒரு பெருங்காந்தம் என்று காட்டிய அதே கில்பர்ட்தான். பூண்டு எந்த வீட்டிலும் கிடைக்கும். சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். ஆனாலும் அதைப் பலர் சோதிக்காமலே நம்பினர்.

சொற்களிலும் இப்படிப்பட்ட பூண்டுக் கதைகள் நிறைய உண்டு. ஒலி ஒத்திருக்கிறது, பொருளும் பொருந்துகிறது என்றதும் 'இதிலிருந்து அது வந்தது' என்று சொல்லிவிடுகிறோம். தமிழ்ச் சொல்லானாலும் ஆங்கிலச் சொல்லானாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். பழைய எழுத்தில் அதன் வடிவம் என்ன? ஒலி மாற்றம் மற்றச் சொற்களிலும் அதே விதிப்படி நடந்திருக்கிறதா? உறவுச் சொற்கள் சாட்சி சொல்கின்றனவா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் நம்பலாம்.

உங்களுக்கு ஒரு வேலை. சன்னலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'விண்டோ'. அதுவும் ஒரு கூட்டுச்சொல்தான். பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் அதன் வடிவம் 'விந்த்அவுகா'. அதன் முன்பகுதி காற்று. பின்பகுதி என்ன என்று நல்ல ஆங்கில அகராதியில் தேடுங்கள். பிறகு, சன்னலுக்குப் பழந்தமிழில் வழங்கிய 'காலதர்' என்ற சொல்லைத் தமிழகராதியில் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். கால் என்பதற்குக் காற்று என்றும் பொருள் உண்டு என்பது குறிப்பு. மீதியை நீங்களே கண்டுபிடித்து, இரண்டையும் அருகருகே எழுதிவையுங்கள்.